தொழிற்சாலை மென்பொருள் ஸ்டார்ட்அப்பில் புராடக்ட் இன்ஜினியர் வேலை: போகலாமா?

நீங்கள் கேட்டது இது: மெக்கானிக்கல் படித்துவிட்டு சென்னையில் ஒரு ஐடி கம்பெனியில் 3 வருடமாக ஜாவா எழுதுகிறீர்கள், கோவையில் தொழிற்சாலைகளுக்கு மென்பொருள் செய்யும் 18 பேர் கொண்ட ஒரு ஸ்டார்ட்அப்பிலிருந்து புராடக்ட் இன்ஜினியர் வேலைக்கு ஆஃபர் வந்திருக்கிறது, சம்பளம் இப்போது வாங்குவதைவிடக் கொஞ்சம்தான் கூட, வேலை நிஜத்தில் எப்படி இருக்கும், போகலாமா. நான் இதே ஊரில் இதே மாதிரி ஒரு சின்ன கம்பெனியில் 8 வருடமாக இந்த வேலையைத்தான் பார்க்கிறேன். அதனால் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்தப் பெயர். வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் புராடக்ட் இன்ஜினியர் என்றால் ஒரு பாகத்தின் டிராயிங், மெட்டீரியல், டாலரன்ஸ் இவற்றுக்குப் பொறுப்பானவர். சிப் செய்யும் கம்பெனியில் ஒரு வேஃபரில் (சிப்களை வெட்டி எடுக்கும் சிலிக்கான் தட்டு) எத்தனை நல்ல சிப் தேறுகிறது, ஏன் தேறவில்லை என்று பார்ப்பவர். உங்களுக்கு வந்திருப்பது இது இரண்டுமே இல்லை. வாடிக்கையாளர் சொல்லும் பிரச்னையைக் கேட்டு, அதில் எதைச் செய்வது எதைச் செய்யாமல் விடுவது என்று முடிவெடுத்து, புரோகிராம் எழுதி, அதைக் கொண்டுபோய் மெஷினில் மாட்டி, ராத்திரி 11 மணிக்கு அது நின்றுபோனால் போனை எடுக்கிற ஆள். பெரிய இடத்தில் ஐந்து பேர் பிரித்துக்கொள்ளும் வேலை.

இத்தனை வருடம் என்ன செய்தாய் என்று என்னைக் கேட்டால் இப்படித்தான் சொல்வேன்: மெஷினிலிருந்து ஒரு எண்ணை எடுத்து, அந்த மெஷின் முன்னால் நிற்கிறவரே பார்த்து "ஆமா, சரிதான்" என்று ஒப்புக்கொள்கிற மாதிரி காட்டுவது. கேட்க லேசாக இருக்கும். கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ, அரசூர் பக்கம் இருக்கிற எந்த மெஷின் ஷாப்புக்குள் போனாலும் ஓனர் கேட்பது ஒரே கேள்விதான், "நேத்து ராத்திரி ஷிஃப்ட்ல என் மெஷின் எவ்வளவு நேரம் ஓடுச்சு?" அதற்குச் சரியான பதில் சொல்ல எங்களுக்கு இரண்டு வருடம் ஆனது. ஏன் அவ்வளவு நாள் ஆனது என்று சொன்னாலே இந்த வேலை என்னவென்று உங்களுக்குப் புரிந்துவிடும்.

ஒரே கூரைக்கடியில் போன வருடம் வாங்கிய விஎம்சியும் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகத்தைக் குடைகிற மெஷின்) இருக்கும், 1990-களில் வந்த லேத்தும் இருக்கும். ஃபேனக் கன்ட்ரோலர் உள்ள புதிய மெஷினில் ஈதர்நெட் கேபிளைச் செருகி ஃபேனக்கே தருகிற ஃபோகாஸ் லைப்ரரி வழியாக எத்தனை ஜாப் (மெஷினில் செய்கிற பாகம்) முடிந்தது, எந்த புரோகிராம் ஓடுகிறது, என்ன அலாரம் என்று எல்லாமே எடுக்கலாம், அதுவும் அந்த வசதியை வாங்கும்போதே சேர்த்து வாங்கியிருந்தால். பழைய மெஷினில் ஒன்றுமே கிடையாது. அதன் தலையில் எரிகிற டவர் லேம்பின் 24 வோல்ட் வயரிலிருந்து ஒரு சிக்னல் எடுப்போம், இல்லையென்றால் ஸ்பிண்டில் மோட்டாருக்குப் போகிற வயரைச் சுற்றி கரன்ட்டை அளக்கிற ஒரு சிடி காயிலை மாட்டி, கரன்ட் இழுத்தால் ஓடுகிறது, இழுக்காவிட்டால் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பச்சை விளக்கு எரிந்தால் மெஷின் ஓடுகிறது என்று நான் முதல் மாதம் எழுதினேன். வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஃபீட் ஓவர்ரைடை 50 சதவீதத்தில் வைத்து மெதுவாக ஓட்டினாலும் விளக்கு பச்சைதான். ஜாப் இல்லாமல் காற்றில் ஓட்டிப் பார்த்தாலும் பச்சைதான். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு செட்டர், அதாவது மெஷினில் டூலையும் ஜாப்பையும் பொருத்திக் கொடுப்பவர். என் மேனேஜருக்கே அது தெரியாது.

அப்புறம் மோட்பஸ். மோடிகான் கம்பெனி 1979-ல் தன்னுடைய பிஎல்சிகளுக்காக (மெஷினை இயக்குகிற தொழிற்சாலைக் கம்ப்யூட்டர்கள்) வெளியிட்டது, கருவிகள் ஒன்றோடொன்று பேசுகிற மொழி இது. இன்றைக்கும் எனர்ஜி மீட்டர், டெம்பரேச்சர் கன்ட்ரோலர், விஎஃப்டி (மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி) எதை எடுத்தாலும் இதைப் பேசும், நீங்கள் சேர்ந்த முதல் வாரமே இதில்தான் விழுவீர்கள். ஒரு ரெஜிஸ்டர், அதாவது கருவிக்குள் எண்ணை வைக்கிற ஒரு அறை, 16 பிட். தசம எண் 32 பிட், ஆகவே இரண்டு ரெஜிஸ்டர் வேண்டும். எது முதலில் என்பதில் ஆளுக்கொரு வழக்கம். 230 வோல்ட் என்பது ஹெக்ஸில் 4366, 0000 என்று இரண்டாகப் போகும். நீங்கள் மாற்றிப் போட்டுப் படித்தால் 0000, 4366 என்று வரும், அது கிட்டத்தட்ட பூஜ்யம், திரையில் 0.00 என்றுதான் தெரியும். வயர் விட்டுப்போச்சு என்று நினைத்து நான் ஒரு முழு மதியமும் பேனலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வயர் நன்றாகத்தான் இருந்தது. இதோடு, மேனுவலில் 40001 என்று அச்சடித்திருப்பதை வயரில் 0 என்று கேட்க வேண்டும், சிலர் அச்சடிக்கும்போதே ஒன்றைக் கழித்துவிட்டிருப்பார்கள், சிலர் கழித்திருக்க மாட்டார்கள். பக்கத்து ரெஜிஸ்டரைப் படித்துவிட்டு அதுவும் நம்பும்படியான ஒரு எண்ணாக இருந்துவிட்டால் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது. மீட்டரின் முகத்தில் தெரிகிற எண்ணையும் திரையில் வருகிற எண்ணையும் நீங்களே நின்று ஒப்பிட்டுப் பார்க்காமல் அந்த இடத்தைவிட்டுக் கிளம்பக் கூடாது. நான் இப்போதும் இரண்டையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டுதான் வருகிறேன்.

வயரிலும் நிறைய இருக்கிறது. மோட்பஸ் போகிற ஆர்எஸ்-485 என்பது இரண்டே வயர், 1200 மீட்டர் வரை போகும் என்று புத்தகத்தில் இருக்கும். விஎஃப்டியிலிருந்து மோட்டாருக்குப் போகிற கேபிளோடு சேர்த்து ஒரே ட்ரேயில் அதைக் கட்டிவிட்டால், மோட்டார் ஓடும்போது மட்டும் டேட்டா விட்டுவிட்டு வரும். ஆபீஸில் உட்கார்ந்து புரோகிராமில் தவறு தேடினால் இது ஜென்மத்துக்கும் கிடைக்காது. மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவரை நண்பராக்கிக்கொள்ளுங்கள். அவர் எங்களுக்கு மிச்சப்படுத்திக் கொடுத்த நாட்கள் கொஞ்சநஞ்சமில்லை.

நேரத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ஒரு இடத்தில் எல்லாம் மாட்டி, சுவரில் டிவி வைத்து, மணிக்கு எத்தனை ஜாப் என்று காட்டினோம். ஷிஃப்ட் சூப்பர்வைசர் வயதானவர், 30 வருட சர்வீஸ், கையில் நீள நோட்டு, மணிக்கு மணி எண்ணிக்கை எழுதி வைப்பார். மூன்றாவது நாள் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, உங்க கம்ப்யூட்டர் அரை மணி நேரம் தள்ளி ஓடுதுங்க" என்றார். கடிகாரத்தைப் பார்த்தேன், சரியாக இருந்தது. இல்லைங்க சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவர் வாதாடவில்லை, நோட்டைத் திறந்து காட்டினார்: 6 மணியிலிருந்து 7 மணி வரை அவர் கணக்கில் 11, எங்கள் திரையில் 14. அடுத்த மணியில் அவர் கணக்கில் 16, எங்களுடையது 13. மொத்தம் சரியாக வருகிறது, மணிக்கு மணி மட்டும் இடிக்கிறது. அன்று ராத்திரிதான் பிடிபட்டது. சர்வர் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, ஒவ்வொரு மணியையும் யுடிசி கணக்கில் வெட்டுகிறது, நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் இருப்பதால் இங்கே அது 5:30-லிருந்து 6:30, 6:30-லிருந்து 7:30 என்று விழுகிறது. முழு மணி வித்தியாசம் உள்ள நாடுகளில் இந்தத் தவறு தலையே காட்டாது, அதனால் இணையத்தில் கிடைக்கிற உதாரண புரோகிராம்களில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

அதே வாரத்தில் இன்னொன்றையும் அவரிடம்தான் கற்றேன். மூன்றாவது ஷிஃப்ட் ராத்திரி 10 மணிக்குத் தொடங்கி காலை 6 மணிக்கு முடியும். அதிகாலை 2 மணிக்குச் செய்த ஜாப் காலண்டர்படி செவ்வாய்க்கிழமை, தொழிற்சாலைக்கு அது இன்னும் திங்கட்கிழமைதான். தேதியை வைத்துக் கூட்டுகிற ஒவ்வொரு ரிப்போர்ட்டும் இதில் தடுக்கி விழும். எங்கள் புரோகிராமில் இன்றைக்கு உற்பத்தி நாள் என்று தனியாக ஒரு பத்தி இருக்கிறது என்றால் அது அவர் நோட்டிலிருந்து வந்தது.

மின்வெட்டு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் ராஸ்பெர்ரி பை வைத்து டப்பாக்கள் செய்தோம். கரன்ட் போய் வந்தால் அதற்கு நேரம் மறந்துவிடும், இன்டர்நெட் கிடைக்கும்வரை பழைய நேரத்தையே பிடித்துக்கொண்டு டேட்டாவை எழுதும், எஸ்டி கார்டும் கொஞ்ச நாளில் கெட்டுப்போகும். பேட்டரியோடு கூடிய கடிகார சிப், கார்டுக்குப் பதில் போர்டிலேயே பதித்த மெமரி, இன்டர்நெட் இல்லாதபோது உள்ளேயே சேர்த்து வைத்துப் பிறகு அனுப்புவது, இந்த மூன்றும் இல்லாத டப்பாவை இப்போது நாங்கள் வெளியே அனுப்புவதில்லை. நீங்கள் சேரப்போகும் கம்பெனி இதையெல்லாம் தாண்டிவிட்டதா என்று கேளுங்கள். அவர்கள் எத்தனை தொழிற்சாலையில் நிஜமாகவே ஓடிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் கஷ்டமே இல்லை. தப்பு என்றால் தப்பு, கண்டுபிடித்தால் சரியாகிவிடும். இனிமேல் வருவதுதான் சேர்ந்து ஒரு வருடம் கழித்து உங்களைத் தூங்கவிடாமல் செய்யப்போவது.

ஓஇஇ என்று, மெஷினை எவ்வளவு உருப்படியாகப் பயன்படுத்தினோம் என்று பார்க்கிற ஒரு கணக்கு இருக்கிறது, கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜப்பானில் செய்இச்சி நகாஜிமா டிபிஎம் என்ற மெஷின் பராமரிப்பு முறையோடு சேர்த்துக் கொடுத்தது. மெஷின் ஓடிய நேரம், ஓடிய வேகம், தேறிய தரம் இந்த மூன்றையும் பெருக்குவது. 8 மணி நேர ஷிஃப்டில் சாப்பாடு, டீக்கு 30 நிமிடம் போக 450 நிமிடம். ஒரு ஜாப்புக்கு 3 நிமிடம். நல்லதாகத் தேறியது 114 என்றால் உருப்படியான நேரம் 342 நிமிடம், 450-ல் அது 76 சதவீதம். இவ்வளவுதான் கணக்கு, பத்தாம் வகுப்புப் பையன் போட்டுவிடுவான். ஆனால் அந்த 450-ம் 3-ம் எங்கிருந்து வந்தன? மெட்டீரியல் வரவில்லை என்று மெஷின் ஒரு மணி நேரம் நின்றால் அது 450-க்குள்ளா வெளியேயா? புரொடக்‌ஷன் மேனேஜர் வெளியே என்பார், ஓனர் உள்ளே என்பார். மின்வெட்டு? முதல் ஜாப்பை குவாலிட்டிக்காரர் அளந்து பார்த்து ஓகே சொல்லும்வரை நிற்கிற 20 நிமிடம்? ஒரு ஜாப்புக்கு 3 நிமிடம் என்று எழுதி வைத்தது யார், எப்போது, அதற்குப் பிறகு டூல் மாறவில்லையா? ஒரு இடத்தில் வேகம் 130 சதவீதம் என்று காட்டியது. அதெப்படி நூறைத் தாண்டும் என்று 100-லேயே நிறுத்திவிட ஒரு வரி எழுதியிருந்தோம், அதை நான் எடுத்துவிட்டேன். ஏனென்றால் அந்த 130 ஒரு உண்மையைச் சொல்கிறது: எழுதி வைத்த நேரம் தாராளமாக இருக்கிறது, இன்சென்டிவ் அதன்மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. அதைத் திரையில் போட்டால் நாளைக்கே யாரோ அந்த 3 நிமிடத்தை 2 நிமிடம் 20 நொடியாக்குவார்கள், சிலருடைய மாதச் சம்பளம் குறையும். போடாவிட்டால் எங்கள் எண் பொய். நாங்கள் என்ன செய்தோம் என்றால், மேனேஜரையும் ஆபரேட்டர்களில் மூத்தவர் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து, ஒவ்வொரு ஜாப்பின் நேரத்தையும் ஆறு மாதத்துக்கு மாற்றுவதில்லை என்று பேசிக்கொண்ட பிறகுதான் அந்தத் திரையைத் திறந்தோம். இது புரோகிராமர் செய்யவேண்டிய வேலையா என்று என் கம்பெனியிலேயே கேட்டார்கள். புராடக்ட் இன்ஜினியர் செய்யவேண்டிய வேலை என்று நான் முழு மனதோடு நம்புகிறேன். 450-க்குள் எது வரும் எது வராது என்று புரோகிராமில் எழுதுவது நீங்கள். அந்த ஒரு வரியால் யாருக்கு என்ன ஆகும் என்று தெரியாமல் அதை எழுதக் கூடாது.

இதைவிட எனக்கு அதிகம் வலித்தது மெஷின் நின்ற காரணத்தைக் கேட்கிற திரை. மெஷின் 5 நிமிடத்துக்கு மேல் நின்றால் ஆபரேட்டர் காரணத்தைத் தொடவேண்டும். 22 காரணம் வைத்திருந்தோம், எல்லாம் ஓனரோடு உட்கார்ந்து யோசித்து எழுதியது. ஒரு மாத டேட்டாவைப் பார்த்தால் பெரும்பாலும் "டூல் மாற்றம்" என்றே இருந்தது. பட்டியலில் முதல் வரி அதுதான். ஆபரேட்டர்களுக்குப் பொறுப்பில்லை என்று மீட்டிங்கில் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். அப்புறம் ஒரு ராத்திரி ஷிஃப்ட் முழுக்க அந்த மெஷின் பக்கத்திலேயே நின்றேன். கூலன்ட் எண்ணெய் படிந்த கையுறையால் டச் ஸ்கிரீன் வேலை செய்யாது, காரணத்தைத் தொட ஒவ்வொரு தடவையும் கையுறையைக் கழற்ற வேண்டும். இரண்டு மெஷினை ஒரே ஆள் பார்க்கிறார். அந்தப் பையன் ஒடிசாவிலிருந்து வந்தவன், எங்கள் திரை தமிழிலும் ஆங்கிலத்திலும்தான் இருந்தது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை, விடிகாலை 4 மணிக்கு டீ குடிக்கும்போது அவனோடு வேலை பார்க்கிற இன்னொருவர் சொன்னார், "கிரேன் வரல, செட்டர் வரலனு போட்டா காலைல அவங்களுக்குத் திட்டு விழும், எங்களுக்கு ஆகாது. ஆள் இல்லைனு போட்டா எங்களுக்குத் திட்டு. டூல் மாத்தினோம்னு போட்டா யாருக்கும் ஒண்ணும் இல்லைங்க."

நாங்கள் அந்தத் திரையைத் தூக்கிப்போட்டோம். பெரிய பொத்தான் ஐந்து, படத்தோடு, கையுறையோடு அழுத்துகிற மாதிரி நிஜப் பொத்தான்கள். இந்தி, ஒடியா சேர்த்தோம். நின்ற உடனே கேட்காமல் மெஷின் திரும்ப ஓடத் தொடங்கிய பிறகு கேட்டோம். எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஓனருக்கு தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் போகிற ரிப்போர்ட்டிலிருந்து ஆபரேட்டரின் பெயரை எடுத்தோம். அந்தப் பெயரை வைத்திருக்கச் சொல்லி ஓனர் கேட்டார், எங்கள் சேல்ஸ்காரரும் கேட்டார். ஆள் பெயர் வந்தால் காரணம் பொய்யாகிவிடும், உங்களுக்கு எது வேண்டும் என்று நேராகவே கேட்டேன். அவர் ஒரு மாதம் பார்க்கலாம் என்றார். அந்த மாதத்தில்தான் முதல்முறையாக "கிரேனுக்குக் காத்திருப்பு" என்று எண்கள் வர ஆரம்பித்தன, இரண்டாவது கிரேன் வாங்கினார்கள். நான் எழுதிய மிகச் சிக்கலான புரோகிராம் எதுவும் அந்தப் பெயரை எடுத்த ஒரு வரி அளவுக்கு வேலை செய்ததில்லை.

ஒரு விதியை இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: மெஷினிலிருந்து படிக்கலாம், மெஷினுக்குள் எழுதக் கூடாது. மோட்பஸ்ஸில் 3-ம் எண் கட்டளை படிப்பது, 6-ம் 16-ம் எழுதுவது. எங்கள் ஆபீஸ் டெஸ்ட் பெஞ்சில் ஒருவர் தவறான ரெஜிஸ்டரில் 1 என்று எழுதிவிட்டார், மூலையில் இருந்த மோட்டார் சுற்ற ஆரம்பித்துவிட்டது. பக்கத்தில் யாரும் இல்லை, தப்பித்தோம். தொழிற்சாலையில் அந்த மோட்டார் பக்கத்தில் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கலாம். 2010-ல் வெளிவந்த ஸ்டக்ஸ்நெட் என்ற கம்ப்யூட்டர் வைரஸ் விவகாரத்தில், ஈரானின் நடான்ஸில் யுரேனியம் செறிவூட்டுகிற சென்ட்ரிஃப்யூஜ்களின் வேகத்தை மாற்றியதே சீமென்ஸ் பிஎல்சிக்குள் புகுந்து எழுதித்தான், பார்க்கிறவர்களுக்குத் திரையில் எல்லாம் சரியாக இருப்பதாகவே காட்டிக்கொண்டு. ஒரு மெயின்டனன்ஸ் மேனேஜர் உங்கள் கேபிளைத் தொடவிடாமல் தடுத்தால் அவரைப் பழைய ஆள் என்று நினைக்காதீர்கள். அவர் கேட்கிற கேள்விகளுக்கு எழுத்திலேயே பதில் கொடுங்கள். எங்கள் டப்பாவில் எழுதும் கட்டளைகளே சேர்க்கப்படவில்லை என்று காட்டினால் பாதி சந்தேகம் அங்கேயே தீரும்.

ஏஐ பற்றி இன்டர்வியூவில் நிறையப் பேசியிருப்பார்கள். பேரிங் போகப்போகிறது என்று முன்கூட்டியே சொல்வோம் என்பார்கள். அதிர்வை அளந்து சொல்வது நடக்கிற காரியம்தான், பெரிய ஆலைகளில் பல வருடமாகச் செய்கிறார்கள். ஆனால் ஒரு சின்ன மெஷின் ஷாப்பில் ஒரு ஸ்பிண்டில் சில வருடத்துக்கு ஒருமுறைதான் கெட்டுப்போகும், கெட்டதற்கான உதாரணமே கையில் இல்லாமல் எதை வைத்துக் கற்றுக்கொடுப்பது? இன்றைக்கு அவர்களுக்குத் தேவை, மெஷின் நிற்கிற நேரத்தில் பெரும்பகுதி எங்கே போகிறது என்ற நேர்மையான பட்டியல். அதைத் தந்த பிறகு மற்றதைப் பார்க்கலாம் என்று சொல்கிற நிறுவனர் கிடைத்தால் அவரை நான் அதிகம் நம்புவேன்.

இப்போது காசு. இந்தத் துறையில் பணம் மெதுவாகத்தான் வரும். "ஒரு மெஷின்ல போட்டுக் காட்டுங்க" என்பார்கள். போட்டுக் காட்டினால் நன்றாக இருக்கிறது என்பார்கள், இன்னும் இரண்டு மெஷினில் போடச் சொல்வார்கள், ஆறு மாதம் ஓடிவிடும், பர்சேஸ் ஆர்டர் வராது. ஏப்ரலில் பட்ஜெட் என்பார்கள். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று 2006 எம்எஸ்எம்இடி சட்டம் சொல்கிறது, நடைமுறையில் அதைக் கேட்டுச் சண்டை போட்டால் அடுத்த ஆர்டர் கிடைக்காது என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. அவர்களும் தங்கள் வாடிக்கையாளரிடம் பணத்துக்குக் காத்திருப்பவர்கள்தான், இதை அவர்கள் மேல் கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் 18 பேர் கம்பெனிக்கு இது மூச்சுப் பிரச்னை. கையில் எத்தனை மாதச் சம்பளத்துக்குப் பணம் இருக்கிறது என்று ஆஃபர் வாங்கும் முன் கேட்கலாம், தப்பே இல்லை.

இதனால் வருகிற இன்னொரு ஆபத்து, வருகிற ஒவ்வொரு வாடிக்கையாளரும் கேட்பதையெல்லாம் தனித்தனியாகச் செய்துகொடுப்பது. ஒருவருக்கு டாலி கணக்கு மென்பொருளோடு இணைப்பு, ஒருவருக்கு சாப் (எஸ்ஏபி) மென்பொருளோடு, ஒருவருக்கு அவருடைய பழைய எக்செல் எப்படி இருக்குமோ அப்படியே ரிப்போர்ட். இரண்டு வருடத்தில் பத்து வாடிக்கையாளருக்குப் பத்து வெவ்வேறு புரோகிராம் ஆகிவிடும், ஒன்றில் திருத்தினால் இன்னொன்றில் உடையும். ஷிஃப்ட் நேரம், நின்ற காரணம், ஜாப் நேரம் மாதிரி இடத்துக்கு இடம் மாறுவதை செட்டிங்கில் வைக்க வேண்டும், மற்றதற்கு முடியாது என்று சொல்லவேண்டும். இன்றைக்குச் சம்பளம் கொடுக்கப்போகிற ஆர்டரை வைத்துக்கொண்டு முடியாது என்று சொல்ல எத்தனை நிறுவனருக்கு மனசு வரும்? அந்தப் பேச்சில் உங்கள் குரலுக்கு இடம் இருக்கிறதா என்பதுதான் உங்கள் பதவிப் பெயருக்கு அர்த்தம் இருக்கிறதா இல்லையா என்பதை முடிவு செய்யும்.

இசாப் (கம்பெனிப் பங்கைப் பிறகு குறிப்பிட்ட விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமை) கொடுக்கிறார்கள் என்றால் அதைச் சம்பளத்தோடு கூட்டிப் பார்க்காதீர்கள். கொடுத்ததிலிருந்து குறைந்தது 1 வருடம் கழித்துத்தான் கைக்கு வரத் தொடங்கும், கம்பெனிச் சட்ட விதியே அப்படி. வழக்கமாக 4 வருடத்தில் பிரித்துத் தருவார்கள். அதைப் பங்காக மாற்றுகிற அன்று அதன் மதிப்புக்கும் நீங்கள் கட்டுகிற விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பளமாகவே கணக்காகி வரி வரும், பங்கை விற்றுக் கையில் காசு வராவிட்டாலும். குறிப்பிட்ட சான்றிதழ் வாங்கிய ஸ்டார்ட்அப் என்றால் அந்த வரியைத் தள்ளிப்போடும் வசதி உண்டு, இவர்களிடம் அது இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேலையைவிட்டுப் போனால் எத்தனை நாளுக்குள் மாற்ற வேண்டும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

உங்களுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கிற மொழியான எஸ்க்யூஎல் நன்றாகத் தெரியவேண்டும், அதில் சமரசம் வேண்டாம். 100 அளவுகளை நொடிக்கு ஒருமுறை எடுத்தாலே ஒரு நாளைக்கு 86 லட்சத்து 40 ஆயிரம் வரிகள் சேரும், யோசிக்காமல் எழுதிய ஒரு கேள்வி மொத்த டேஷ்போர்டையும் நிறுத்திவிடும். லினக்ஸ், அடிப்படை நெட்வொர்க்கிங், எம்க்யூடிடி. கருவியிலிருந்து டேட்டா அனுப்புகிற முறையான இந்த எம்க்யூடிடி 1999-ல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்கப் பிறந்தது, அதனால்தான் மோசமான இணைப்பிலும் சமாளிக்கிறது, நம் ஊர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் நெட்வொர்க்குக்கு நன்றாகப் பொருந்துகிறது. பிஎல்சியில் இருக்கிற லேடர் புரோகிராமைப் படிக்கத் தெரிந்தால் போதும், எழுத வேண்டியதில்லை. நீங்கள் மெக்கானிக்கல் என்பது பெரிய பலம். ஃபிக்சர் எது, டூல் எது, ஆஃப்செட் எதற்குப் போடுகிறார்கள் என்று தெரிந்தவரிடம் ஷாப் ஃப்ளோரில் பேசுகிற தொனியே வேறு, கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த எனக்கு அது வர ஒரு வருடம் ஆனது.

இழப்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் புரோகிராமை வரி வரியாகப் பார்த்துத் திருத்துகிற சீனியர் இங்கே இருக்க வாய்ப்பு குறைவு. கோடிக்கணக்கானவர் பயன்படுத்துகிற சிஸ்டத்தைக் கட்டும் அனுபவம் கிடைக்காது. மாதத்தில் ஏழெட்டு நாள் ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், ராஜ்கோட் என்று போய்க்கொண்டிருப்பீர்கள், ஃபவுண்டரியில் 1400 டிகிரி இரும்பை ஊற்றுகிற இடத்துக்குப் பக்கத்தில் லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். அடுத்த வேலை தேடும்போது பெரிய மென்பொருள் கம்பெனியின் இன்டர்வியூவுக்குத் தனியாகப் படிக்க வேண்டியிருக்கும். இதில் எது உங்களுக்கு ஒத்துவராது என்று இப்போதே பாருங்கள், போய்ச் சேர்ந்த பிறகு இதெல்லாம் மாறும் என்று நம்பிப் போகாதீர்கள்.

என் கருத்தைக் கேட்டால் போகலாம், ஒரு நிபந்தனையோடு. ஆஃபரில் கையெழுத்துப் போடும் முன், அவர்களுடைய வாடிக்கையாளர் ஒருவரின் தொழிற்சாலைக்கு உங்களை ஒரு நாள் கூட்டிப்போகச் சொல்லுங்கள். புதிதாகப் போட்ட இடம் வேண்டாம், ஒரு வருடத்துக்கு மேல் ஓடுகிற இடம். தயங்கினால் காரணம் கேளுங்கள். கூட்டிப்போனால், ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் அங்கே இருங்கள், அப்போதுதான் எண்களைப் பற்றி ஆட்கள் நிஜமாகப் பேசுவார்கள். சேல்ஸ்காரர் ஓனரோடு டீ குடிக்கப் போகும்போது நீங்கள் சூப்பர்வைசரிடம் போய், நேற்று இந்த மெஷினில் எத்தனை ஜாப் முடிந்தது என்று கேளுங்கள். அவர் திரையைப் பார்த்துச் சொல்கிறாரா, மேசை டிராயரிலிருந்து நோட்டை எடுத்துப் பார்த்துச் சொல்கிறாரா என்று கவனியுங்கள்.